ஊர்ப் பொதுநிலம் யாருடையது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், அனுப்பிய பிள்ளைகளை இடையில் நின்றுவிடாமல் காக்கவும் நம் கழகம் பாடுபட்டு வந்திருக்கிறது. அந்தக் கல்வியின் பயனாக இன்று நம் இளைஞர்கள் எந்த ஆவணத்தையும் படித்தறியும் ஆற்றல் பெற்றிருக்கிறார்கள். அந்த ஆற்றலை ஒரு குறிப்பிட்ட பணிக்குத் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இங்கு நிற்கிறேன். ஊரில் ‘பொது’ என்று சொல்லப்படும் திடலும், களமும், பூங்காவும், இடுகாடும் உள்ளாட்சி மன்றத்தின் கைக்கு எப்படி வருகின்றன? வந்த பின் எப்படிக் காக்கப்படுகின்றன? இவற்றை அறிவது நமக்கு ஏன் உயிரான கடமையாகிறது? இவையே இன்றைய என் பொருள்.

முதலில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தெருவில் நடப்பதற்கும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது!

அதே காலத்தில் பம்பாய் மாகாணத்தில் நடந்ததையும் நாம் நினைவில் நிறுத்த வேண்டும். பொது நீர்நிலைகள் அனைவருக்கும் உரியவை என்று 1923-இல் அம்மாகாணச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924-இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் இயற்றியது. ஆயினும் அத்தீர்மானம் தாளிலேயே உறங்கியது. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அக்குளத்து நீரை அருந்திய பின்னரே அது உயிர் பெற்றது. உடனே எதிர்த் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் வாதம் என்ன தெரியுமா? குளம் பொதுவானதன்று, தனியார் சொத்தைப் போன்றது. தொன்றுதொட்டு நம் மக்களை விலக்கி வைப்பதே வழக்கம் என்றனர். பத்தாண்டுகள் நடந்த வழக்கில், அப்படியொரு வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் நமக்கு ஒரு பெரும் பாடம் உண்டு. நம்மை விலக்க விரும்புவோர் முதலில் எழுப்பும் கேள்வி, ‘இந்த இடம் பொதுவா?’ என்பதே. நம் அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பும், முழுவதுமோ பகுதியோ அரசுப் பணத்தால் பேணப்படும் இடங்களையும், பொதுமக்கள் பயனுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களையுமே குறிப்பிட்டு, அங்கு எவரையும் சாதியின் பேரால் தடுக்கலாகாது என்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமும், அதாவது இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப்படுவதும், இதையே பின்பற்றுகிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஊரின் பொது வளங்களையும் இடுகாட்டையும் மற்றவர்க்கு நிகராகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே, ஓரிடம் பொது என்பதற்கு ஆவணம் நம் கையில் இருக்குமானால் சட்டத்தின் வலிமையும் நம் பக்கம் நிற்கும். ஆவணம் இல்லையேல் வழக்கு மகாடு போலப் பத்தாண்டுகள் நீளும்.

சரி, அந்த ஆவணம் எப்படிப் பிறக்கிறது? நம் மாநிலத்தில் உள்ளாட்சிக்குத் திறந்தவெளி வந்து சேரும் வழிகள் முதன்மையாக மூன்று.

முதல் வழி, சட்டமே ஒப்படைப்பது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ரயத்துவாரிப் பகுதிகளில் மேய்ச்சல் நிலம், களம், இடுகாடு, சுடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பாதை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியைச் சார்கின்றன. அவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு. ஆனால் ஊராட்சி அவற்றுக்கு அறங்காவலரைப் போன்றதே. தலைவரோ உறுப்பினரோ தம் உடைமையாக எண்ணிப் பிறருக்குக் கொடுக்க இயலாது.

இரண்டாம் வழி, மனைப்பிரிவின்போது பெறுவது. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்போர், நிலப்பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்டால், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, பதிவு செய்த தானப் பத்திரத்தின் வாயிலாக ஒப்படைத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளில் நிலத்திற்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணமும் செலுத்தலாம். பூங்கா என்று வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டியிருந்தால் மட்டும் போதாது. பத்திரம் பதிவாகி, உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறி, நிலத்தில் எல்லைக்கல்லும் நடப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்த இடத்தைப் பின்னொரு நாள் மனையாக்கி விற்க வழி பிறக்கும்.

மூன்றாம் வழி, விலைக்கு வாங்குவதோ அரசின் வாயிலாக நில எடுப்புச் செய்வதோ ஆகும். 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துள்ளது. இழப்பீடு மிகுந்திருப்பதால், பூங்காவுக்கும் திடலுக்கும் இவ்வழி உள்ளாட்சிகளுக்கு எளிதன்று. எனவே முதல் இரு வழிகளில் வந்ததை இழந்துவிட்டால், இழந்ததை மீட்பது மிக அரிது என்பதை உணர வேண்டும்.

இனிக் காக்கும் முறைக்கு வருவோம். பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே 1959-இல் நம் மாநிலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் செல்லும் இடங்களில் உள்ளாட்சி மன்றம் இத்தகைய இடங்களின் பட்டியலையும் வரைபடத்தையும் அணியமாக்கி அரசின் ஒப்புதல் பெற வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதியின்றி வேறு காரியத்திற்குத் திருப்பலாகாது. அரசே திருப்ப முனைந்தாலும் மக்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டபோது, அப்பகுதி மக்களே வழக்குத் தொடர்ந்தனர். 1991-இல் உச்சநீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உறுதி செய்தது.

2011-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ஊர்க்குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களிடம் விலை பெற்றுக்கொண்டு அதை அவர்களுக்கே விட்டுவிட முயன்றனர். உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுநிலங்களை மீட்டுக் கிராம மக்களுக்கே ஒப்படைக்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. இத்தீர்ப்பில் நம் மக்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி ஒன்றுண்டு. அரசு அறிவிப்பின்படி நிலமற்ற உழைப்பாளிகளுக்கோ, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ குத்தகைக்கு வழங்கப்பட்ட இடம், பள்ளியோ மருந்தகமோ ஏற்கெனவே நிற்கும் இடம் போன்றவற்றை விதிவிலக்காகக் கருதலாம் என்று நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் ஏழையின் குடிசை முதலில் இடிக்கப்பட்டு, வசதி படைத்தவரின் வேலி தொடப்படாமல் நிற்குமானால், இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல நம்மிடையே படித்தவர்கள் இருக்க வேண்டும்.

இளைஞர்களே! நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டையும் புலப்படங்களையும் பாருங்கள். எந்தப் புல எண் களம், எது மந்தை, எது இடுகாடு, அதற்குச் செல்லும் பாதை எது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பட்டியலோடு நிலத்தில் நடந்து பாருங்கள். தாளில் உள்ள பரப்புக்கும் தரையில் உள்ள பரப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காத ஆவணத்தை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். நகரத்தில் வாழ்வோர் தம் மனைப்பிரிவின் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்து, கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள்கள் அது கூடுகிறது. அந்நாள்களில் நம் தெருவின் ஆண்களும் பெண்களும் திரளாகச் சென்று அமர வேண்டும். பொதுநிலம் பற்றிய தீர்மானத்தை எழுத்தில் கொண்டுபோய், அது பதிவேட்டில் ஏறிய பின்னரே எழுந்து வர வேண்டும். தனித்தொகுதிகளில் வென்ற நம் உறுப்பினர்களும் தலைவர்களும் பதிவேட்டைப் பிறர் கையில் விட்டுவிட்டு நாற்காலியில் மட்டும் அமர்ந்திருத்தல் தகாது. நம் தெருவிலுள்ள ஒரே திடலில் ஒரு தொட்டியோ கட்டடமோ வருகிறதென்றால், பிள்ளைகள் விளையாட மாற்றிடம் எங்கே என்று கேட்கும் கடமை அவர்களுக்கே முதலில் உண்டு.

இறுதியாக ஒன்று. ஊர்த்திடலில் நம் பிள்ளைகள் பந்தாட வேண்டும். பூங்காவில் நம் பெண்கள் மாலை வேளையில் அமர்ந்து பேச வேண்டும். நம் முன்னோரின் உடல் பொதுப்பாதை வழியே தடையின்றி இடுகாடு சேர வேண்டும். மகாடு நகராட்சியின் தீர்மானத்திற்கு உயிர் தந்தவை மக்களின் கால்களே. ஆவணத்தைக் கையில் ஏந்தி அந்த இடங்களில் நாள்தோறும் நடமாடுங்கள். அதுவே இவ்வெள்ளி விழா ஆண்டில் நாம் மேற்கொள்ளத்தக்க பணி.