சீமை விருந்தாளிகளும் பஞ்சமி நிலமும்



சீமையிலிருந்து கிறிஸ்தவ சபையார் நம் செங்கற்பட்டுப் பக்கம் வருகிறார்கள். மாமல்லபுரம் பார்க்கிறார்கள், கிராமத்துத் தேவாலயத்தில் மாலை வாங்கிக்கொள்ளுகிறார்கள், போய்விடுகிறார்கள். வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.

ஆனால் முன்னே இங்கிருந்த ஸ்காட்லாந்து பாதிரி ஆடம் ஆண்ட்ரு என்ன செய்தார்? ஒதுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வேண்டுமென்று சர்க்காரோடு வாதாடினார். கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் மேல் 1892-ல் உத்தரவு பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். ஜெபத்தால் வந்ததல்ல, வாதாடி வந்தது. அந்நியருக்கு விற்கக்கூடாதென்று நிபந்தனையும் உண்டு.

அப்படியிருந்தும் நிலம் பிறர் கைக்குப் போயிற்று. மாமல்லபுரத்துக்கருகே காரணை நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்களை 1994 அக்டோபர் 10-ல் போலீசார் சுட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் மாண்டார்கள். குண்டு மதம் கேட்டதா? ஜாதியும் கேட்பதில்லை, ஞானஸ்நானம் பெற்றவனுக்கும் பல ஊர்களில் தனிக் கல்லறைதான். சட்டம் மட்டும் கேட்கிறது: 1950-ம் வருஷத்து உத்தரவுப்படி கிறிஸ்தவனானால் அவன் பட்டியல் ஜாதியல்லவாம்!

ஆகையால், விருந்தாளிகளே! எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் கல்லறை எத்தனை, பஞ்சமி நிலம் யார் கையில் என்று கேளுங்கள். அவர்கள் கேட்காவிட்டால், தோழர்களே, நாமாவது கேட்போம்.