முதல் நாள் சீட்டு



என் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேகூட எடுக்காமல், "சதைப் பிடிப்புதான்" என்று ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. பத்தொன்பதாம் நாள் கால் மரத்துப்போச்சு. வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தப்பதான் முதுகெலும்பு உடைஞ்சது தெரிஞ்சது. இப்பவும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மனு போட்டோம். இரண்டு வருஷத்துக்குள் போடணும். ஆஸ்பத்திரிக்குக் கட்டினது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமா வக்கீல் தருவாங்க. அந்த வக்கீலம்மா முதலில் கேட்டது முதல் நாள் சீட்டைத்தான். அதுவும் பில்லும் என் குழு பாஸ்புக் பையில் இருந்தது! "பத்தொன்பது நாள் தாமதத்துக்கு இந்தத் தேதிதாம்மா சாட்சி" என்றார்.

அடுத்த மாசம் வாய்தா.