மறை நாணயமும் அரசின் கடமையும்
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



"கிரிப்டோ" என்று நம் வாலிபர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துப் பேசிக்கொள்ளும் மறை நாணயத்தை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா என்பதே இன்று எனக்களிக்கப்பட்ட வினா.

முதலில் இஃது யாதெனக் காண்போம். சத்தோசி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையொன்றிலிருந்து பிட்கொயின் பிறந்தது; 2009 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு மத்திய வங்கியுமில்லை, முகாமையாளருமில்லை. கணக்கேடு உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரேபடியாக எழுதப்படுகிறது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாகா.

இதனை விரும்புவோரின் நியாயம் தள்ளத்தக்கதன்று. 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவளவில் ஏறியது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் பெட்டியில் இருந்தபடியே தேய்ந்தது. ஆகவே, அரசின் கைக்கெட்டாத நாணயமே நல்லதன்றோ என்கிறார்கள்.

ஆனால், அரசின் கைக்கெட்டாதது எளியவனின் முறைப்பாட்டுக்கும் எட்டாது. தவறிப் பிறர் கணக்குக்கு அனுப்பிய நாணயத்தைப் பெற்றவர் மனமுவந்து தந்தாலன்றி மீட்க வழியில்லை. 2022 நவம்பரில், பஹாமாஸ் தீவிலிருந்து இயங்கிய எப்.ரி.எக்ஸ். என்னும் பெரும் பரிமாற்று நிலையம் முறிந்தது. நம்பிப் பணம் வைத்தோர் அதை எடுக்க முடியாது தவித்தனர். இலங்கையிலும் 'ஸ்போர்ட்ஸ் செயின்' என்ற பெயரில், மறை நாணய முதலீடென்று ஆள்மேல் ஆள் சேர்த்த திட்டத்தில் பலர் பணமிழந்தனர்.

நமது மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்தது. எச்சரிக்கை மட்டும் போதுமா? திரௌபதை அம்மன் தீமிதிப்பைக் கண்டு வளர்ந்த பாண்டிருப்பாருக்குப் பாரதக் கதை சொல்ல வேண்டியதில்லை. தருமர் சூதாடியது அவர் பிழை. விதுரர் எச்சரித்தார். தடுக்கும் அதிகாரம் பெற்ற திருதராட்டிரனோ வாளாவிருந்தான். சபையின் பழி அவனையும் சேர்ந்தது.

ஆயின், முற்றாகத் தடுப்பதும் வழியன்று. சீனா 2021இல் இவ்வணிகத்தைச் சட்டவிரோதமாக்கியது. இந்திய ரிசர்வ் வங்கி 2018இல் வங்கிகளுக்கு விதித்த தடையை, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் உரிமம் வழங்கும் சட்டம் இயற்றியது. இதுவே நடுவழி.

கணக்கேட்டை எந்த அரசும் ஆள முடியாது. ஆனால் அதற்குட் செல்லும் வாயில்களை ஆளலாம். ரூபாவை நாணயமாக்கும் நிலையங்கள் உரிமம் பெறவேண்டும். வாடிக்கையாளர் பணத்தைத் தம் பணத்தோடு கலக்கலாகாது. நிச்சய இலாபம் என்று ஆசை காட்டுவோர் தண்டிக்கப்படல் வேண்டும். தன் பொறுப்பில், அறிந்து வாங்குபவனை விட்டுவிடலாம்.

இளைஞர்களே, சட்டம் வரும்வரை சங்கம் சும்மாயிருத்தல் தகாது. மத்தியகிழக்கில் உழைக்கும் ஒரு தாயின் பணம் இவ்வழியிற் போகுமுன், "இதற்கு உரிமம் யார் தந்தார்? பணம் போனால் யாரைக் கேட்பது?" என்று அவ்வீட்டார்க்குக் கேட்கக் கற்பியுங்கள். விடையில்லையேல் பணமும் வேண்டாம்.