முந்நூறு பேரும் மூன்று பேரும்

மாதம் ஒருநாள் கிடைக்கிற லீவையும் துணி துவைக்கக்கூடப் பயன்படுத்தாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைத் தம்பிமார்களே, தங்கைமார்களே!

இன்று நான் ஒரு கடையின் கதையைச் சொல்லப்போகிறேன். நம்ம ஊர்க் கடை இல்லை. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1864-ஆம் ஆண்டு திறந்த கடை. திறந்தவர் பெயர் ஜான் லூயிஸ். ஷெப்டன் மாலட் என்ற சிற்றூர்க்காரர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். 14 வயதில் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பட்டுத்துணியைத் தொட்டே தரம் சொல்லிவிடுவார். முதல்நாள் கல்லாவில் விழுந்தது எவ்வளவு தெரியுமா? 16 ஷில்லிங் 4 பென்ஸ். ஒரு பவுண்டுகூட முழுசாக இல்லை!

மனிதர் உழைப்பாளி. மறுக்கவில்லை. பிடிவாதக்காரரும்கூட. நிலத்துக்காரப் பிரபுவோடு வழக்காடி, கோர்ட்டு உத்தரவை மதிக்காமல், 1903-ல் மூன்று வாரம் ஜெயிலுக்கே போனார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த இரண்டு வருஷத்தில், கோட்டுப் பையில் ஆயிரம் பவுண்டு நோட்டு இருபதை வைத்துக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்து ஸ்லோன் சதுக்கம் வரைக்கும் நடந்தே போய், பீட்டர் ஜோன்ஸ் என்கிற கடையை வாங்கினார் என்று சொல்வார்கள். வண்டிக் காசு மிச்சம்!

ஆனால் நான் கும்பிட வந்தது அவரை அல்ல. அவர் பெற்ற மகனை. (கைதட்டல்)

பொறுங்கள், பொறுங்கள். அந்த மகன் என்ன செய்தார் என்று கேட்டுவிட்டுத் தட்டுங்கள். 21 வயது நிறைந்தபோது தகப்பனார் கடையில் கால் பங்கு எழுதிக் கொடுத்தார். நம்ம ஊரில் என்றால் அன்றைக்கே கார் வாங்கியிருப்பான். இந்தப் பையன் கணக்குப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தான். வரிவரியாகப் பார்த்தான். கடையில் வேலை செய்கிறவர்கள் முந்நூறு பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து வருஷச் சம்பளம் ஏறக்குறைய 16,000 பவுண்டு. அப்பா, அண்ணன் தம்பி ஆக மூன்று பேர் வீட்டுக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய 26,000 பவுண்டு. முந்நூறு குடும்பத்துக்கு ஒரு பங்கு; மூன்று பேருக்கு ஒன்றரைப் பங்கு! அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அந்த மனிதருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை ஐயா!

1909-ல் குதிரையில் வேலைக்குப் போகும்போது ரீஜன்ட்ஸ் பூங்காவில் கீழே விழுந்தார். நுரையீரலில் ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை. அந்தப் படுக்கையில் கிடந்து இதையேதான் யோசித்தார். பெயர் சொல்கிறேன், மறக்காதீர்கள்: ஜான் ஸ்பீடன் லூயிஸ்.

1914-ல் நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த பீட்டர் ஜோன்ஸ் கடையை அப்பா அவர் கையில் கொடுத்தார். அதற்கும் ஒரு நிபந்தனை: பெரிய கடையில் மாலை ஐந்து மணி வரை வேலை பார்த்துவிட்டுத்தான் அங்கே போகவேண்டும். போனார். வேலை நேரத்தைக் குறைத்தார். பணியாளர் குழு வைத்தார். சம்பளத்தோடு விடுமுறையைக் கூட்டினார். 8,000 பவுண்டு நஷ்டத்தில் இருந்த கடை, ஐந்தே வருஷத்தில் 20,000 பவுண்டு லாபத்துக்கு வந்தது. 1920-ல் அந்த லாபத்தை வேலை செய்தவர்களுக்கே பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

அதே 1920. அதே குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் அப்பாவின் கடையில் என்ன நடந்தது? சங்கம் வேண்டும் என்று கேட்டு ஏறக்குறைய நானூறு பேர் வெளியே வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வாரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். கிழவர் அசையவில்லை. அவர்களுடைய வேலை போனது. அந்த நானூறு பேரின் பெயரை யாரும் சொல்வதில்லை. மகனைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது. அப்பாவின் பெயர் கட்டடத்தின் நெற்றியிலேயே இருக்கிறது. அந்த நானூறு பேர்? அவர்கள் தெருவில் இறங்கியிருக்காவிட்டால், மகன் மட்டும் யோசித்து என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை எத்தனை மேடையில் கேட்டாலும் எனக்கு ஆறவில்லை.

இப்போது ஒன்று சொல்லியாக வேண்டும். இதே ஊரில் இன்னொரு மேடையில் ஒரு பெரிய மனிதர் பேசினார். பெயர் சொல்லமாட்டேன், சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். (சிரிப்பு) 'வேலைக்காரனுக்கு லாபத்தில் பங்கு கொடுத்தால் கடை ரெண்டு வருஷத்தில் மூடிவிடும்' என்றார். அப்படியா? அதே இங்கிலாந்தில் பி.ஹெச்.எஸ். என்று ஒரு கடை வரிசை. வேலைக்காரனுக்குப் பங்கா கொடுத்தார்கள்? முதலாளி குடும்பம் கோடிகோடியாக டிவிடெண்டு எடுத்தது. 2015-ல் அந்தக் கம்பெனி முழுவதையும் ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். ஒரு பவுண்டு! நம்ம பணத்தில் நூறு ரூபாய்! மறுவருஷம் கடை விழுந்தது. 11,000 பேர் வேலை போனது. பென்ஷன் நிதியில் 571 மில்லியன் பவுண்டு ஓட்டை. நாடே கொதித்த பிறகுதான் 2017-ல் பழைய முதலாளி 363 மில்லியனை எடுத்து வைத்தார். டெபன்ஹாம்ஸ் என்று ஒரு கடை, 1778-ல் தொடங்கிய பரம்பரை. 2021-ல் ஷட்டர் இறங்கியது. அங்கேயும் தொழிலாளிக்குப் பங்கு கிடையாது. பெரியவரே, அந்தக் கடைகளை யார் மூடினார்கள்? சேல்ஸ் கவுண்டரில் நின்ற பெண்ணா? (பலத்த கைதட்டல்)

ஸ்பீடன் லூயிஸுக்கு வருகிறேன். 1928-ல் அப்பா இறந்தார். மறுவருஷமே, 1929-ல், கடையை ஒரு அறக்கட்டளைக்கு எழுதினார். 1950-ல் அதை முழுமையாக்கினார். வேலை செய்கிறவர்களுக்காகவே கடை. வேலைக்காரன் என்று பெயர் இல்லை, பங்காளி! அவர் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போன சாமியாரும் அல்ல. தன் பங்குக்கு உரிய தொகையைக் கடையின் வருங்கால லாபத்திலிருந்து, வட்டியில்லாமல், தவணையாக வாங்கிக்கொண்டார். இதை நான் ஏன் சொல்கிறேன்? தியாகம் செய்யச் சொல்லி நாம் யாரையும் கேட்கவில்லை. நியாயமாகக் கணக்கை முடி என்றுதான் கேட்கிறோம்!

நடுவில் உலகப்போர். 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடை எரிந்துபோனது. முழுசாகக் கட்டித் திறக்க 1960 ஆனது. அதற்குள் வெயிட்ரோஸ் மளிகைக் கடைகள், வெளியூர்க் கடைகள் என்று குடும்பம் பெருகிவிட்டது. இன்றைக்கு ஏறக்குறைய 70,000 பங்காளிகள்.

அந்தக் கடைக்குள் ஒரு பத்திரிகை உண்டு. 'கெஜட்'. 1918-லிருந்து வருகிறது. கடைப்பையன் பெயர் போடாமல் மேனேஜரைக் கேள்வி கேட்கலாம். கேள்வி அச்சாகும். மேனேஜர் தன் பெயரைப் போட்டுப் பதில் எழுதியாக வேண்டும்! உங்கள் கடையில் சூப்பர்வைசரிடம் பாத்ரூம் போகவே டோக்கன் கேட்கிறீர்களே, தங்கைமார்களே!

மார்ச் மாதம் வந்தால் எல்லாக் கடையிலும் பங்காளிகள் கூடுவார்கள். ஒரு அட்டையில் எழுதிய எண்ணைத் தூக்கிக் காட்டுவார்கள். அதுதான் அந்த வருஷ போனஸ். 2008-ல் 20 சதவீதம், பத்து வாரச் சம்பளம்! தலைவருக்கும் அதே சதவீதம், மூட்டை தூக்குகிறவருக்கும் அதே சதவீதம்.

அந்தக் கடைக்கும் கஷ்டகாலம் வந்தது. ஆன்லைன் வியாபாரம், கொரோனா. 2020, 21-ல் பதினாறு கடைகளை மூடினார்கள். 2021-ல் போனஸ் இல்லை. 1953-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. 2023, 24, 25-லும் இல்லை. 2023-ல், வெளியாருக்குக் கொஞ்சம் பங்கை விற்கலாமா என்று மேலிடத்தில் பேச்சு கிளம்பியது. பங்காளிகள் கொந்தளித்தார்கள். போனஸே வராத வருஷம் அது, தோழர்களே! கையில் காசு இல்லாத நேரத்திலும் 'கடையை விற்காதே' என்றார்கள். பேச்சைக் கைவிட்டார்கள். அந்த நானூறு பேரின் ரத்தம் அங்கே இன்னும் ஓடுகிறது என்றுதான் நான் சொல்வேன்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்புகிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று பெண்களுக்கு ஒரு ஆசனமாவது போடவேண்டும் என்று இங்கிலாந்தில் கடைகளுக்குச் சட்டம் வந்தது 1899-ல். நம் தமிழ்நாட்டில் கடைப் பணியாளருக்கு உட்கார இடம் வேண்டும் என்று சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது 2021-ல். 122 வருஷம் நின்றோம் தோழர்களே, 122 வருஷம்! சட்டம் வந்தும் உங்களில் எத்தனை பேர் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது? கை தூக்குங்கள். சரி. கை தூக்காதவர்கள் எல்லோரும் இறங்கும்போது படிக்கட்டுப் பக்கம் இருக்கிற நோட்டில் கடைப் பெயரை மட்டும் எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் தொழிலாளர் துறை ஆய்வாளர் அலுவலகத்தில் இருப்போம்.