சாவி கொடுக்கும் செஸ் கடிகாரம்

சாவி கொடுத்து ஓட்டும் செஸ் கடிகாரம் என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கடிகாரங்கள். ஆடியவர் தன் பக்கக் குமிழை அழுத்தியதும், உள்ளிருக்கும் நெம்புகோல் அவருடைய பேலன்ஸ் வீலைத் தொட்டு நிறுத்தும்; எதிராளியின் சக்கரத்தை விடுவிக்கும். 1883 லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் அறிமுகமானது. முகப்பின் சிறு கொடி பிறகு வந்தது. மணி நிறையச் சில நிமிடம் இருக்கும்போது பெரிய முள் அதைத் தூக்கும். பன்னிரண்டைத் தாண்டியதும் கொடி விழும். இரண்டு மணி நேரக் கெடுவென்றால் முட்களை நாலு மணியில் வைப்பார்கள். ஆறுக்குக் கொடி விழும்.

சென்னையில் 1972இல் சோவியத் கலாசார மையத்தில் செஸ் வீரர் மானுவல் ஆரோன் தொடங்கிய தால் செஸ் கழகத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பழகினார். அந்தக் காலத்துக் கடிகாரங்களில் கிழக்கு ஜெர்மனியின் கார்டே, சோவியத்தின் யாந்தார் இரண்டும் சேகரிப்பாளர்கள் தேடுபவை. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஓடியதெல்லாம் டிஜிட்டல்.

பழைய சாவிக் கடிகாரம் வாங்கும்போது பளபளப்பைப் பார்ப்பது வீண். இரு பக்கத்தையும் தனித்தனியே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கைபேசி நேரத்தோடு ஒப்பிட வேண்டும். கொடி சரியாக விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தாம்பரம், பல்லாவரம் பக்கம் ஐப்பசி மழையின் ஈரக்காற்றே இதற்கு எதிரி. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மாதம் ஒருமுறை சாவி கொடுத்து ஓடவிடுவது நல்லது. சாவி இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் விடுவது கடிகாரக்காரர் வேலை. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது.