பாலம் தாண்டினாலும் பிள்ளைச் செலவு



பஸ் கட்டணம் இரண்டு மாதமாகக் கட்டாத மாணவனின் தாயாரிடம் விசாரித்தோம். மாதந்தோறும் தகப்பன் பணம் கொடுக்க வேண்டுமென்ற நீதிமன்ற உத்தரவு அரிசித் தகரத்துக்கு அடியில் கிடந்தது. "ஆளு சிங்கப்பூருக்குப் போயிட்டாரு சார், இனி இந்தக் காகிதம் எதுக்கு?" என்றார்.

அந்தக் காகிதம் செத்துப்போகவில்லை.

இஸ்லாமியர் அல்லாத நமக்கு, 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் உண்டு. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் பராமரிப்பது பெற்றோர் கடமை என்கிறது அது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள் நம் தோட்டங்களில் ஏராளம். அப்பிள்ளைகளுக்கும் 1950ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தகப்பனிடம் செலவு கேட்கலாம்.

பேராக்கிலிருந்து ஜொகூருக்கு ஓடினாலும் உத்தரவு கூடவே போகும். வேண்டுமென்றே கொடுக்காதவருக்கு, பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம். சிறையிலிருப்பவர் எப்படிச் சம்பாதிப்பார் என்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் வாரண்டு என்றதும் பை திறப்பதைக் கண்டிருக்கிறோம்.

சிங்கப்பூரில் குடியிருப்பவர் என்றால், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி உத்தரவின் சான்றிட்ட நகல் அரசாங்க வழியாக அங்கே போகும். அங்குள்ள நீதிமன்றம் பதிந்துகொண்டால், அது அங்கேயே பிறப்பித்த உத்தரவுக்குச் சமம். சம்பளத்திலிருந்தே பிடிக்கவும் சொல்லலாம். தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போய், இரவில் இங்கே வந்து படுப்பவர் மீது இங்கேயே நடவடிக்கை எடுக்கலாம்.

ஆகவே தாய்மார்களே, அவர் குடியிருக்கும் முகவரி, வேலையிடம், கடைசியாகப் பணம் வந்த தேதி, இவற்றை எழுதி வையுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி இலாகாவான ஜபாத்தான் பந்துவான் குவாமானுக்குப் போங்கள். உத்தரவைக் கரப்பான் தின்றிருந்தாலும் பரவாயில்லை. நீதிமன்றத்தில் வேறு நகல் கேட்கலாம்.