முதலில் வணக்கம், பிறகு வேண்டுதல்



எஸ்பிஎம் தேர்வு நெருங்க நெருங்க, பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் இரவு ஜெபம் நீண்டுவிடும். மகளுக்கு நல்ல தேர்ச்சி வேண்டும். அப்பாவுக்கு வேலை நிலைக்க வேண்டும். பாட்டிக்கு இனிப்புநீர் குறைய வேண்டும். வீட்டுக் கடன் அடைபட வேண்டும். பட்டியல் முடிந்ததும் ஆமென் சொல்லி எழுந்துவிடுவார்கள்.

இவற்றைக் கடவுளிடம் கேட்பது தவறா? தவறே இல்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? ஆனால், ஜெபம் என்றாலே பட்டியல்தான் என்று ஆகிவிட்டால், கேட்டது கிடைக்காத நாளில் அந்த ஜெபத்தில் மிஞ்சுவது என்ன? எத்தனையோ பேர் ஜெபிப்பதையே விட்டுவிடுவது அந்த நாளில்தான்.

ஜெபிக்கக் கற்றுத்தாரும் என்று சீடர்களில் ஒருவர் கேட்டதற்கு இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அது முழுமையாக இருக்கிறது. முதல் மூன்று வேண்டுதல்களும் தந்தையின் நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் ஆகியவற்றைப் பற்றியவை. அன்றாட உணவு நான்காவதாகத்தான் வருகிறது. அதன் பிறகே பாவமன்னிப்பும் தீமையிலிருந்து விடுதலையும் வருகின்றன. உணவை இயேசு ஒதுக்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தார்.

அப்படியானால், முதலில் புகழ்ந்து பிறகு காரியம் சாதிக்கும் தந்திரமா இது என்று சிலர் கேட்கலாம். அதே அதிகாரத்தில், இந்த ஜெபத்துக்குச் சற்று முன்புதான், பிள்ளைகளின் தேவை கேட்பதற்கு முன்பே தந்தைக்குத் தெரியும் என்று இயேசு சொல்லியிருக்கிறார். தெரிந்தவருக்குத் தந்திரம் எதற்கு? வணக்கத்தால் கடவுள் மாறுவதில்லை. கேட்பவனின் பார்வைதான் மாறுகிறது.

இதற்கு நல்ல சான்று, பழைய ஏற்பாட்டில் வரும் நெகேமியா. பாரசீக மன்னன் அர்தசஷ்டாவுக்குப் பானம் பரிமாறும் பணி அவருக்கு. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது, வாசல்கள் எரிந்து கிடக்கின்றன என்ற செய்தி வந்தபோது உட்கார்ந்து அழுதார். உபவாசம் இருந்து ஜெபித்தார்.

அவசரமான தேவைதான். இருந்தும் அந்த ஜெபம் தேவையில் தொடங்கவில்லை. கடவுளின் மகத்துவத்தையும் அவர் உடன்படிக்கை தவறாதவர் என்பதையும் சொல்லித் தொடங்குகிறது. பிறகு மக்களின் பாவத்தை அறிக்கையிடுகிறார். அதில் தம்மையும் தம் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்கிறார். மோசேக்குக் கடவுள் கொடுத்த வாக்கை நினைவுகூர்கிறார். மன்னனின் தயவு தமக்குக் கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதலோ கடைசியில்தான் வருகிறது.

அங்கே ஒரு நுட்பம் உண்டு. பெரிய சாம்ராஜ்யத்தை ஆண்ட அந்த மன்னனை, நெகேமியா தம் ஜெபத்தில் ஒரு மனிதன் என்று மட்டுமே குறிப்பிடுகிறார். கடவுளின் பெருமையை முதலில் நினைத்தவருக்கு, சிங்காசனத்தில் இருந்தவர் வெறும் மனிதராகத் தெரிந்தார். பட்டியலில் தொடங்கியிருந்தால் மன்னன்தான் பெரிதாகத் தெரிந்திருப்பான்.

ஏறக்குறைய 4 மாதங்கள் கழித்து, அவருடைய வாடிய முகத்தைக் கண்ட மன்னன் காரணம் கேட்டான். நெகேமியா மிகவும் பயந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டபோது, நீண்ட ஜெபத்துக்கு நேரமில்லை. அந்தக் கணத்திலேயே மனத்தில் கடவுளை வேண்டிக்கொண்டு பதில் சொன்னார். அனுமதி கிடைத்தது. பின்னர் 52 நாட்களில் மதில் எழும்பி முடிந்தது.

ஆகவே, ஆபத்தில் ஒரு சொல்லில் கூப்பிடுவதும் ஜெபமே. கடலில் மூழ்கப் போன பேதுரு வரிசை பார்க்கவில்லை. இயேசுவும் உடனே கைநீட்டித் தூக்கினார். ஆனால், அன்றாடம் வணங்கிப் பழகிய மனத்துக்கு அவசர வேளையில் யாரைக் கூப்பிடுவது என்ற தடுமாற்றம் இருக்காது.

கேட்டது கிடைக்காவிட்டால்? கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே துன்பத்தின் பாத்திரம் நீங்க வேண்டும் என்று கேட்டார். அது நீங்கவில்லை. ஆயினும் தந்தையே என்று தொடங்கிய அந்த ஜெபம், தந்தையின் சித்தத்தை ஏற்றுக்கொள்வதில் முடிந்தது. வேண்டுதல் மறுக்கப்பட்டாலும் உறவு முறியவில்லை.

இன்று இரவு ஜெபத்துக்கு அமரும் குடும்பம் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. அதை எடுப்பதற்கு முன் ஓர் ஐந்து நிமிடம், கடவுள் யார் என்பதை நினைத்து அவரை வணங்கட்டும். பிறகு மகளின் தேர்வையும் அப்பாவின் வேலையையும் தாராளமாகக் கேட்கட்டும். தேர்வு முடிவு எப்படி வந்தாலும், மறுநாள் இரவும் அந்தக் குடும்பம் ஒன்றாக அமர்ந்து ஜெபிக்கும்.